ரெண்டு துண்டு எடுத்துட்டுப் போ, கண்ணு

ஏங்கண்ணு, விடியக் கருக்கல்ல இருந்து அந்த வண்டிக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிட்டு இருக்கறயே, இந்த வருசம் முச்சூடும் நீ குளிச்சதுக்கு மேல அது இன்னைக்கே குளிச்சுப்போட்டுது. என்ன விசேசம்னு உங்க அப்பத்தாகிட்டக் கேட்டேன். "எக்ஸ்சேஞ்ச் மேளாவாம், பழசைக் குடுத்துட்டுப் புதுசை ஓட்டிட்டு வர்றானாம்"னா. நல்ல காரியம். பந்தல் போட்டு, பலூன் கட்டி, பாட்டுப் போட்டுக் கூப்பிடறாங்க, போகாம இருந்தா மரியாதையா இருக்காது. அந்தப் பந்தலுக்கும் பலூனுக்கும் பாட்டுக்கும் ஆரு காசு குடுக்கறதுன்னு மட்டும் அங்க கேட்டுப்போடாத. உம்பேரைச் சொல்லிப்போடுவாங்க.

இப்புடி உக்காரு சித்த. எனக்குத் தெரிஞ்ச வண்டி டிவிஎஸ் ஃபிப்டி ஒண்ணுதான், அதுலயும் ரெண்டு மூட்டை புண்ணாக்கை ஏத்திட்டுப் போனவன் நான். உன்ற புது வண்டியோட சிசி என்ன, டிஸ்க் பிரேக் என்னன்னு கேட்டா முழிப்பேன். ஆனா ஏவாரம் தெரியும். கண்ணபுரம் தேர்ச் சந்தைக்கும் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்கும் காங்கேயம் காளையப் புடிச்சுட்டுப் போயிட்டு வந்த காலு இது. அங்க எப்புடிப் பேசுவாங்க? விக்கறவன் கையும் வாங்கறவன் கையும் ஒரே துண்டுக்குள்ள போகும். எந்த வெரலைப் புடிச்சா எத்தனைங்கறது அந்த ரெண்டு கைக்கு மட்டும்தான் தெரியும். மறைப்பெல்லாம் சுத்தி நிக்கற கூட்டத்துக்கு. ஷோரூம்லயும் ஒரு துண்டு இருக்குது கண்ணு. ஆனா அதுக்குள்ள போற ரெண்டு கையும் அவன் கையே. நீதான் சுத்தி நிக்கற கூட்டம்.

எப்புடிங்கற? நாங்க சந்தைக்குப் போனா, கெழட்டு எருதை வித்துப்போட்டு, பணத்தை மடியில முடிஞ்சுட்டு, ஒரு டீயும் குடிச்சுப்போட்டு, அப்புறம்தான் புதுச்சோடி நிக்கற பக்கமே திரும்புவோம். வித்த வெலை தனி, வாங்கற வெலை தனி. ரெண்டையும் ஒரே தரகன்கிட்ட ஒரே துண்டுல பேசுனவன் ஊரு வந்து சேர்ற வரைக்கும் வெரலை மடக்கிக் கணக்குப் போட்டுட்டே வருவான், அது நேராவே வராது. எக்ஸ்சேஞ்சுங்கறது அதுதான். பழசுல நீ முறுக்குனா, "செரிங்கண்ணா, உங்களுக்காக"ன்னு ரெண்டாயிரம் ஏத்துவான். ஏத்திப்போட்டு, புதுசுல குடுக்கறதா இருந்த தள்ளுபடிய மெல்ல உருவிக்குவான். நீ ஜெயிச்சுப்போட்டோம்னு மீசைய முறுக்குவ. உனக்கு மீசை இன்னும் செரியா மொளைக்கலைங்கறது வேற விசயம்.

அதனால மொதல்ல உன்ற வண்டி என்ன பெறும்னு நீ தெரிஞ்சுக்கோணும். பக்கத்து ஊட்டுக்காரன் போன வருசம் எத்தனைக்கு வித்தான்னு கேட்டுட்டு வந்து நிக்காத. 2025 செப்டம்பர் 22-ந் தேதியில இருந்து 350 சிசி வரைக்கும் இருக்கற வண்டிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதமா எறங்கிப்போச்சு. வரிக்கு முன்னால 70,000 ரூவா இருக்கற வண்டி அன்னைக்கு முன்னால 89,600, அதுக்கப்புறம் 82,600. புதுசுல 7,000 ரூவா எறங்கறப்பப் பழசு மட்டும் முட்டுக் குடுத்து நிக்குமா? அதுவும் எறங்கும். ஆனா ஒண்ணு, அந்த 7,000-த்தையே "எங்க ஷோரூம் ஸ்பெஷல் தள்ளுபடி"ன்னு ஒருத்தன் உங்கிட்டச் சொன்னா, டில்லியில இருக்கற அரசாங்கம் எப்பங்க உங்க கடையில வேலைக்குச் சேந்துதுன்னு கேளு.

நம்ம டவுன்ல தாராபுரம் ரோட்டுல பழைய வண்டி வாங்கி விக்கற கன்சல்டிங் கடை வரிசையா இருக்குதல்ல? ரெண்டு மூணு கடைக்குப் போ. விக்கறேன்னு சொல்லி வெலை கேளு. ஒருத்தன் 27,000-ம்பான், ஒருத்தன் 30,000-ம்பான். வாங்கிட்டு வந்துரு, வெலையத்தான் சொல்றேன், பணத்தை இல்ல. மறுநா உன்ற சிநேகிதன் எவனையாச்சும் அதே கடைக்குத் தாட்டி உடு. அதே மாடல், அதே வருசம், சிங்கிள் ஓனர், வாங்கறதுக்கு என்ன வெலைன்னு அவன் கேக்கட்டும். 42,000-ம்பாங்க. நேத்து 30,000-க்கு மேல ஒரு ரூவா பெறாதுன்னு சத்தியம் பண்ணுன வாயி அது. நடுவுல நிக்கற 12,000 இருக்குதல்ல, அதுக்குள்ளதான் ஒலகத்துல இருக்கற அத்தனை எக்ஸ்சேஞ்ச் மேளாவும் நடக்குது. அவன் மேல கோவப்படாத. கடை வாடகை, வேலைக்காரன் சம்பளம், வண்டி விக்காம நிக்கற மாசம் எல்லாம் இருக்குது. அவனும் பொழைக்கோணுமில்ல. நீயே நேரா ஒருத்தனுக்கு வித்தா 36,000-ம் கெடைக்கும், ஆனா "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேண்ணா"ன்னு சாவி வாங்கிட்டுப் போறவன் திரும்பி வர்ற வரைக்கும் ரோட்டையே பாத்துட்டு நிக்கோணும். அப்புடி ஆராச்சும் வந்தா அவன் வந்த வண்டிச் சாவிய வாங்கி மடியில வெச்சுக்க. பொடி நடையா வந்தவனுக்கு வண்டியக் குடுக்காத.

வண்டிய எப்புடித் தயார் பண்றதுன்னு நீயும் உன்ற கூட்டாளியும் நேத்து ராத்திரி பொடக்காளியில பேசிட்டு இருந்தது எங்காதுல விழுந்துது. ரெண்டு டயரையும் மாத்தறதாமா? செத்துப்போன ஆயாவுக்குப் பட்டுச்சீலை எடுக்கற வேலைய விட்டுத் தொலை. டயருக்குப் போடற 4,000-த்துல 1,000 கூடத் திரும்பி வராது. எரியாத இண்டிகேட்டர், ஒடஞ்ச கண்ணாடி, தொங்கற செயினு, இதுக்கு எரநூறு முந்நூறு செலவு பண்ணு, அது வரும். அதை விட முக்கியம் காயிதம். ஆர்சி ஒரிஜினல், உயிரோட இருக்கற இன்சூரன்ஸ், புகைச் சான்று, ரெண்டாவது சாவி, சர்வீஸ் பில்லு. ரெண்டாவது சாவி எங்கடான்னு கேட்டா உங்கம்மா மொகத்தைப் பாக்கற, உங்கம்மா எம்மொகத்தைப் பாக்கறா. அப்புறம், திருப்பூர்ல ஹெல்மெட் இல்லாமப் போயி கேமராவுல சிக்குனயே, அந்த ஃபைனைக் கட்டிப்போடு. அது நின்னா பேர் மாத்தறப்ப மல்லுக்கட்டும். பைனான்ஸ்ல எடுத்த வண்டி, டியூ எப்பவோ முடிஞ்சுதுன்னு நீ சொல்ற. ஆர்சியில பைனான்ஸ்காரன் பேரு இன்னும் சம்மணம் போட்டு உக்காந்திருக்குது. என்ஓசி வாங்கி, ஃபாரம் 35 போட்டு ஹெச்பி கேன்சல் பண்ணிப்போட்டு வா. இல்லீன்னா "அதை நாங்களே பாத்துக்கறமுங்க"ன்னு சொல்லி அதுக்கு ஒரு 2,000 புடிப்பாங்க.

இப்பப் போற நாளு. ஆயுத பூசைக்கும் தீவாளிக்கும் போனா உனக்கு வண்டி காட்டறதுக்கே ஆளு இருக்காது, பேரம் பேசறதுக்கு எவன் வருவான்? ஆடி மாசம் போ. நம்ம சனம் ஆடியில நல்லது தொடங்க மாட்டாங்க, சேல்ஸ்காரப் பசங்க ஈ ஓட்டிட்டு இருப்பாங்க. ஆடியில பேசி, அட்வான்ஸ் குடுத்து, ஆவணி ஒண்ணாந் தேதி வண்டிய எடுத்துக்க, சாமியும் கோவிக்காது, சேல்ஸ்காரனும் கோவிக்க மாட்டான். மார்கழியும் அப்புடித்தான். அதுல இன்னொரு தோது இருக்குது. சனவரி பொறந்துட்டா, போன வருசம் செஞ்ச வண்டி ஒரு வயசு கூடிப்போகும். எந்த மாசம் எந்த வருசம் செஞ்சதுங்கறது ஆர்சியிலேயே ஏறும். நாளைக்கு நீ விக்கறப்ப ஒருத்தன் அதைத்தான் மொதல்ல பாப்பான், பல்லைப் புடிச்சுப் பாக்கற மாதிரி. அதனால தேதியக் கேளு, பழசுன்னா அதுக்குத் தக்கன கொறைக்கச் சொல்லு. மாசக் கடைசியா இருந்தா இன்னும் சேமம், டார்கெட்டுக்கு ஒரு வண்டி கொறையறவன் எளகுவான். நேரம்னு கேட்டா, ராகு காலத்துல போ. கூட்டமே இருக்காது. வெலை பேசறதுக்கு ராகு ஒண்ணும் பண்ண மாட்டாரு, டெலிவரிக்கு வேணும்னா நல்ல நேரம் பாத்துக்கலாம்.

அவசரப்படறவன் ஏவாரியா இருந்தா எத்தனை எறங்குவான்னு தெரியோணுமா? 2017 மார்ச்ல பாத்தமே. ஏப்ரல் ஒண்ணாந் தேதியில இருந்து பிஎஸ் 3 வண்டி விக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் மார்ச் 29-ந் தேதி சொல்லிப்போட்டுது. நாடு முச்சூடும் 6 லட்சத்துக்கு மேல டூவீலர் தேங்கிக் கெடந்துது. அந்த ரெண்டு மூணு நாள்ல பத்தாயிரம், இருவதாயிரம்னு வெலைய எறக்கித் தள்ளுனாங்க, ஷோரூம் வாசல்ல ரேசன் கடைக் கூட்டம். அதுக்கு மொத வாரம் வரைக்கும் "ஐநூறு ரூவா கூடக் கொறைக்க முடியாதுங்க, கம்பெனி ரேட்டு"ன்னவங்கதான். அதனால "முடியாதுங்க"ன்னு ஒருத்தன் சொன்னா, "இன்னைக்கு முடியாதுங்க"ன்னு சொல்றான்னு எடுத்துக்க.

மொத நா பஸ்ஸுல போ. சிரிக்காத, பஸ்ஸுலதான். பழைய வண்டியக் கொண்டு போயி வாசல்ல நிறுத்துனயின்னா நீ உள்ள வர்றதுக்குள்ள அவன் அதோட சீட்டுக் கிழிசலை எண்ணி முடிச்சிருப்பான். "எக்ஸ்சேஞ்ச் இருக்குதுங்களா?"ன்னு வாசல்லயே கேப்பாங்க. இருக்குதுன்னும் சொல்லாத, இல்லைன்னும் சொல்லாத. "ஊட்ல கேக்கோணுமுங்க"ன்னு சொல்லு. கொங்கு நாட்டுல அதுக்கு மேல ஆரும் கேக்க மாட்டாங்க. உன்ற கூட்டாளியக் கூட்டிட்டுப் போகாத. அவன் வண்டியப் பாத்ததும் "மாப்ள, செமையா இருக்குதுடா, உனக்குன்னே செஞ்ச மாதிரி"ம்பான், அந்த ஒரு பேச்சுக்கு 2,000 போச்சு. அதை விடப் பெரிய கெரகம் உன்ற மூஞ்சி. ஆசைப்பட்டா அது காதுலயே தெரியுது. போறதுக்கு முன்னால உன்ற கணக்கு வாத்தியாரை நெனச்சுக்க.

அந்தத் தம்பி ஒரு டீயக் குடுத்துப்போட்டு, "மாசம் எத்தனை கட்ட முடியுமுங்க?"ன்னு பாசமாக் கேப்பான். அதுக்குப் பதில் சொல்லாத. நீ 3,000-னு சொன்னயின்னா எந்த வெலைய வேணும்னாலும் 3,000-த்துக்குள்ள அடக்கிக் காட்டுவான், மாசத்தைக் கூட்டிக் கூட்டி. 10 சத வட்டிதாம்பான். ஒரு லட்சம் கடன், மூணு வருசம், 10 சதம்னா வட்டி 30,000, மாசம் 3,611. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா நீ மாசாமாசம் அசலைக் கட்டிட்டே வர்ற, வட்டி மட்டும் கடைசி வரைக்கும் ஒரு லட்சத்துக்கே ஓடுது. நெசக் கணக்குப் பாத்தா 18 சதத்துக்குப் பக்கம். நம்ம கூட்டுறவு பாங்குலயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ. அந்த நாயம் இத்தோட போதும்.

கேக்க வேண்டிய மொதக் கேள்வி இது ஒண்ணுதான்: "பழைய வண்டி இல்லாம, ரொக்கமாக் குடுத்தா, ரோட்டுல எறங்கற வெலை கடைசியா எத்தனைங்க?" வாயில சொல்றதைக் கேட்டுட்டு வராத, சீட்டுல எழுதி வாங்கு. 1,15,000-ன்னு எழுதுவான். அதை அப்புடியே மடிச்சு வெக்காம, ஒவ்வொரு வரியா அவன்கூட உக்காந்து படி. எக்ஸ் ஷோரூம் வெலையில பெருசா ஒண்ணும் அசையாது. சாலை வரி நம்ம சர்க்காரு போடறது, 2023 நவம்பர்ல ஏத்துனது, ஒரு லட்சம் வரைக்கும் 10 சதம், அதுக்கு மேல 12 சதம். அதுலயும் அவன் கை இல்ல. அவன் கை இருக்கறது அதுக்குக் கீழ.

இன்சூரன்ஸைப் பாரு. புது டூவீலருக்கு தேர்ட் பார்ட்டி அஞ்சு வருசத்துக்குச் சேத்து எடுக்கோணும், 2018-ல இருந்து அதுதான் சட்டம். 75 சிசியில இருந்து 150 சிசி வரைக்கும் அஞ்சு வருசத்துக்கு 3,851 ரூவா, அதுக்கு மேல ஜிஎஸ்டி. 2022-ல சர்க்காரு நிர்ணயிச்சது, அந்தக் கட்டணத்தை எந்தக் கம்பெனியும் கூட்டவும் முடியாது கொறைக்கவும் முடியாது. மிச்சம் இருக்கற சொந்தச் சேதத்துக்கான பங்குலதான் ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு வெலை. வெளிய எடுத்துட்டு வர்றேன்னு சொல்லு. "இங்க எடுத்தாத்தானுங்க டெலிவரி"ம்பான். அப்புடியா, அதை ஒரு சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னு கேளு. அத்தனை பெரிய ஷோரூம்ல பேனாவே கெடைக்காது.

அப்புறம் ஒரு வரி வரும், ஹேண்ட்லிங் சார்ஜ். வண்டியக் கையில புடிச்சு நகத்துனதுக்குக் கூலியாமா. இதுக்கு எந்தச் சட்டத்துல என்ன நம்பருன்னு மெதுவாக் கேளு, கோவமாக் கேக்காத. கோவமாக் கேட்டா மேனேஜர் வருவாரு, மெதுவாக் கேட்டா அந்த வரியே போயிரும். அதுக்குக் கீழ ஆக்சஸரீஸ்னு ஒரு பட்டியல், சீட் கவர், க்ராஷ் கார்டு, டெஃப்ளான் கோட்டிங், சாரி கார்டு, கைப்பிடி, ஹெல்மெட். இதுல கடைசி மூணை நல்லாப் பாத்துக்க. பின்னால உக்காரறவங்களுக்குக் கைப்பிடியும், பின்சக்கரத்துல பாதியாவது மறைக்கற காப்பும் வண்டியோடவே வரோணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்லுது. வண்டி விக்கறப்ப ஹெல்மெட் குடுக்கோணும்னு விதி 138 சொல்லுது. சட்டப்படி வண்டியோட ஒடம்புல இருக்கறதைத் தனியா எழுதி உன்ற தலையில கட்டுனா, மாட்டு வாலுக்குத் தனி வெலை கேக்கறது எந்தச் சந்தையிலங்கன்னு கேட்டுப்போடு. டெஃப்ளான் வேண்டாம். மழை பேஞ்சா வண்டி நனையத்தான் செய்யும்.

ஒரு சங்கதி, கொறைக்கச் சொன்னா அவங்க காசாக் கொறைக்க மாட்டாங்க. "2,500 ரூவா ஆக்சஸரீஸ் ஃப்ரீயாப் போட்டுத் தர்றமுங்க"ம்பாங்க. உனக்குப் பல்லு பூராத் தெரியும். அந்தச் சாமானை வெளிக்கடையில என்ன வெலைன்னு விசாரிச்சுட்டு வந்து, அப்புறம் சிரி. எனக்குக் கேட்டா காசாக் கொறைச்சதுதான் கொறைச்சது. இப்புடி ஒவ்வொரு வரியா நகத்தி, 1,15,000-த்தை ஒரு 1,11,000-க்குக் கொண்டு வந்து, அதையும் எழுதி வாங்கிப்போட்டு வந்துரு. மொதத் துண்டு முடிஞ்சுது. அன்னைக்குப் பழைய வண்டியப் பத்தி மூச்சு விடக் கூடாது.

மறுநா பழசுல போ. "ஊட்ல கேட்டேனுங்க, இதையும் தள்ளிரச் சொல்றாங்க"ன்னு சொல்லு. ஒரு மெக்கானிக் பையன் வருவான். ஸ்டார்ட் பண்ணுவான், காதை வெச்சுக் கேப்பான், நாக்குல 'ச்சு'ங்குவான். போர்க்குல ஆயில் கசியுதுங்க, கேம் செயின் சத்தம் வருதுங்க, கிளட்ச் பிளேட் போயிருச்சுங்க, டேங்குல டொக்கு இருக்குதுங்க. நீ ஏந்து, "அண்ணா, நான் மழையில கூட எடுத்ததில்லீங்க"ன்னு ஆரம்பிக்காத. சந்தையில காளைக்குச் சுழி செரியில்லைம்பான், நாங்க வாயே தொறக்க மாட்டோம். செரியில்லைன்னா நீ ஏம்ப்பா இத்தனை நேரமாச் சுத்திச் சுத்தி வர்ற? நீயும் அப்புடியே நில்லு. எல்லாம் சொல்லி முடிச்சு, 30,000-ல 12,000-த்தைக் கழிச்சு ஒரு வெலை சொன்னதும், "இத்தனையும் செரி பண்ண எத்தனைங்க ஆகும்?"னு கேளு. 4,000-ம்பான். "அப்ப 30,000-ல 4,000 கழிச்சுக்குங்க, 12,000 எதுக்குங்க கழிக்கறீங்க?" அங்க ஒரு நிமிசம் ஆரும் பேச மாட்டாங்க. நீயும் பேசாத. மொதல்ல பேசறவன் காசை விடுவான்.

அப்புறமா வருவாரு போனஸ் சாமி. "உங்க வண்டிக்கு 24,000, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 5,000, ஆக மொத்தம் 29,000"ம்பாங்க. நீ கன்சல்டிங் கடைக்காரன் சொன்ன 30,000-த்தை நெனச்சு, ஆயிரம்தானே, அலைச்சல் மிச்சம்னு தலைய ஆட்டப் போற. ஆட்டாத. ரெண்டாவது கேள்வியக் கேளு: "எல்லாம் போக, எங்கையில இருந்து எத்தனை குடுக்கோணும்?" 86,000-ம்பாங்க. நேத்து எழுதி வாங்குன சீட்டை எடு. அதுல 1,11,000. அதுல இருந்து 86,000-த்தைக் கழி. 25,000. உன்ற வண்டிக்கு அவன் குடுக்கற நெச வெலை அதுதான். வாயில 29,000, கணக்குல 25,000. நேத்துக் கொறைச்ச 4,000 எங்க போச்சுன்னு கேட்டா, "அந்த ஆஃபர் எக்ஸ்சேஞ்சோட சேராதுங்க"ம்பான். துண்டைத் தூக்கிக் காட்டிட்டான் பாத்தயா.

இன்னொரு சாக்கும் சொல்வாங்க. "பழைய வண்டிக்கும் இப்ப 18 சதம் ஜிஎஸ்டி வந்துருச்சுங்க, அதான் கொறைச்சுப் போடறோம்." வந்தது நெசம்தான், 2025 சனவரியில. ஆனா அது வண்டியோட முழு வெலைக்கு இல்ல, வாங்கி விக்கறதுல ஏவாரிக்கு நிக்கற லாபத்துக்கு மட்டும். உங்கிட்ட 25,000-க்கு வாங்கி 35,000-க்கு விக்கறதா இருந்தா, வரி அந்தப் பத்தாயிரத்துக்குத்தான். "உங்க லாபம் எத்தனைன்னு சொல்லுங்க, அதுக்கு வரியப் போட்டுப் பாத்துக்கலாம்"னு சொல்லு. வரியவே மறந்துருவாங்க.

அதுக்காகக் கடைசி ரூவா வரைக்கும் மல்லுக்கு நிக்காத. 1,11,000-த்தை நகத்தாம, பழசுக்கு 28,000-ம் 28,500-ம் நெசமாவே வந்துட்டா, குடுத்துட்டு வா. அந்த வித்தியாசம் கன்சல்டிங்காரன் கடைசி நேரத்துல "டயரு தேஞ்சிருக்குதே"ன்னு புடிக்கறதுக்கும், நீ நாலு தடவை அலையறதுக்கும் செரியாப் போயிரும். ஆனா சில வண்டி இருக்குது, அதைக் கண்ணை மூடிட்டு எக்ஸ்சேஞ்சுல குடுக்கறது பாவம். 1996-ல யமஹா ஆர்எக்ஸ் 100 செய்யறதையே நிறுத்திப்போட்டாங்க. உங்க மாமன் தன்ற ஆர்எக்ஸை ஒரு எக்ஸ்சேஞ்சுல வாய்க்கு வந்த வெலைக்குக் குடுத்துப்போட்டு, மிக்ஸி ஒண்ணு பரிசா வாங்கிட்டு வந்தாரு. இப்ப நல்ல கண்டிசன்ல இருக்கற ஆர்எக்ஸ் லட்ச ரூவாயத் தாண்டிப் போகுது. அந்த மிக்ஸிய உங்கத்தை போட்டா அவரு எந்திரிச்சு வெளிய போயிருவாரு.

இன்சூரன்ஸுல ஒரு பொதையல் இருக்குது, அதை எந்த ஷோரூம்காரனும் உனக்குத் தானாச் சொல்ல மாட்டான். பழைய வண்டிக்கு நீ சொந்தச் சேதத்துக்கும் சேத்துப் பாலிசி எடுத்து, வருசக்கணக்கா ஒரு கிளெய்மும் பண்ணாம இருந்தயல்ல? அதுக்கு நோ கிளெய்ம் போனஸ்னு ஒண்ணு சேந்திருக்கும். ஒரு வருசத்துக்கு 20 சதம், அஞ்சு வருசத்துக்கு 50 சதம் வரைக்கும். அந்தப் போனஸ் வண்டிக்குச் சொந்தமில்ல, உனக்குச் சொந்தம். வண்டி போனாலும் நீ எடுத்துக்கலாம். வித்ததுக்கு அத்தாட்சி காட்டி பழைய இன்சூரன்ஸ் கம்பெனியில ஒரு கடுதாசி வாங்கு, மூணு வருசத்துக்குள்ள புது வண்டிக்கு அதைக் காட்டிச் சொந்தச் சேதப் பங்குல அத்தனை சதம் கழிச்சுக்கலாம். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தயின்னா இது கெடையாது, என்னய வந்து கேக்காத. உன்ற மாமன் மகன் போனஸை வண்டியோடவே விட்டுட்டு வந்து, ஐநூறு ரூவா சீட் கவர் ஃப்ரீயாக் குடுத்தாங்கன்னு ஊரெல்லாம் காட்டுனான்.

கடைசியா, வண்டியக் குடுக்கற நாளு. இங்கதான் சனம் கோட்டை விடும். புது வண்டிக்குப் பூ சுத்தி, எலுமிச்சம்பழம் வெச்சு, தெர்மக்கோல்ல செஞ்ச ஆளு ஒசரச் சாவிய உங்கையில குடுத்துப் போட்டோ எடுப்பாங்க. அந்தச் சந்தோசத்துல "இங்கொரு கையெழுத்துங்கண்ணா, அங்கொரு கையெழுத்துங்கண்ணா"ன்னு ஃபாரம் 29-லயும் 30-லயும் வாங்குவாங்க, பூரா வெறுங்கட்டமா இருக்கும். வாங்கறவன் பேரு, தேதி, எல்லாம் எழுதுன பொறவுதான் கையெழுத்து. எழுதுனதைப் போன்ல ஒரு படம் புடிச்சுக்க. ஆதார் நகலு குடுத்தா அதுக்குக் குறுக்கால, இந்த வண்டி நம்பர் பேர் மாத்தறதுக்கு மட்டும்னு எழுதிக் குடு. ஏன் இத்தனை கெடுபிடிங்கறயா? ஆர்சியில உன்ற பேரு இருக்கற வரைக்கும் வண்டி உன்றதுதான். வித்துப்போட்டேன்னு நீ சொன்னாலும், ஆர்சியில ஆரு பேரு இருக்குதோ அவருதான் ஓனருன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே ஒரு விபத்து வழக்குல சொல்லிப்போட்டுது. உன்ற வண்டி எங்கயோ ஒரு ஊர்ல எவனோ ஓட்டி எவன் மேலயோ ஏத்துனா, நட்டஈட்டு நோட்டீசு நம்ம ஊட்டுக் கதவைத் தட்டும். வித்தவன் 14 நாளைக்குள்ள ஆர்டிஓவுக்குச் சொல்லோணும்ங்கறது சட்டம். கடைக்காரன் பதிவு பண்ணுன ஏவாரியா இருந்தா ஃபாரம் 29சி-ன்னு ஒண்ணு இருக்குது, 2023 ஏப்ரல்ல இருந்து. வண்டி அவன்கிட்ட ஒப்படைச்சாச்சுன்னு ஆன்லைன்ல பதிவு பண்றது. அது பண்ணிட்டா பேர் மாறற வரைக்கும் பொறுப்பு அவன் தலையில. "உங்ககிட்ட 29சி உண்டுங்களா?"ன்னு கேளு. முழிச்சான்னா, எந்தத் தேதி எத்தனை மணிக்கு வண்டியக் குடுத்தேன், கிலோமீட்டர் எத்தனைன்னு எழுதி, சீல் போட்டு டெலிவரி நோட்டு வாங்கு. ஒரு மாசம் கழிச்சு ஆர்சி மாறிருச்சான்னு நீயே பரிவாகன்ல போட்டுப் பாரு. மாறலைன்னா போயி அவன் கடையில உக்காந்துக்க, புதுசா வண்டி பாக்க வர்ற ஆளுகிட்ட எல்லாம் ஒரு வணக்கம் சொல்லிட்டு.

செரி, போயி வண்டியத் தொடைக்கறதை முடி. நேத்துச் சாயந்திரம் எதுக்குடா அதுல டேங்க் முட்ட முட்டப் பெட்ரோல் போட்ட? அங்க புது வண்டியில பங்க் வரைக்கும் போறதுக்குத்தான் ஊத்தி வெச்சிருப்பாங்க. ஒரு கேனைக் கொண்டா, நம்ம ஃபிப்டிக்கு ஆகும்.